ஒன்றரை லிட்டர்

குடிக்க வேண்டியது ஒன்றரை லிட்டர். பாதிக்குச் சற்றுக் கூடுதலாக உள்ளே போயாயிற்று. எஞ்சியது சங்கரவடிவின் மடியில் பாட்டிலாகக் கனத்துக்கொண்டிருந்தது. முன்மேசைப் பெண் வந்தவுடனே சொல்லிவிட்டாள். "நல்லா முட்டணும் ஆண்ட்டி. முட்டினாத்தான் படம் தெளிவா விழும். இருமாதீங்க, சிரிக்காதீங்க, சில பேருக்கு அதுலயே போயிரும். போச்சுன்னா திரும்ப முதல்லேருந்து குடிக்கணும்." சிரிக்க இங்கே என்ன இருக்கிறது என்று வடிவு நினைத்துக்கொண்டாள். பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் இருக்கும் ஸ்கேன் சென்டர். திங்கட்கிழமை காலை பத்தேகால் மணி. சுவரோரம் பதினொரு பேர், ஆளுக்கொரு பாட்டில், யாருடைய கண்ணும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோரும் தத்தம் அடிவயிற்றையே கேட்டுக்கொண்டிருப்பவர்கள்போல் சற்று முன்சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஆவுடையப்பன், அவளுடைய அண்ணாச்சி. வர வேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தார். எழுபது வயது, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிஸிஸ் ஊசி ஏறி இடது கை நரம்பு கயிறு கயிறாகத் தடித்துப் போயிருந்தது. அவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அளவு, மாத்திரை விழுங்குவதும் காப்பி குடிப்பதும் அதற்குள்ளேயே. வடிவு ஒவ்வொரு மிடறு விழுங்கும்போதும் அவருடைய தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. அவர் அதை மறைக்க எதிர்ச் சுவரிலிருந்த கர்ப்பிணிப் படத்தைப் பார்த்தார். அவர் பார்க்கட்டும் என்றே அவள் இன்னொரு மிடறு குடித்தாள். குடித்த பிறகு வெட்கமாக இருந்தது. கையிலிருந்த படிவத்தில் ஒரு வரி மட்டும் எழுதாமல் கிடந்தது: குடும்பத்தில் வேறு எவருக்கேனும் சிறுநீரக நோய் உண்டா? அதற்குக் கீழே, உடன் வந்திருப்பவர் என்ற இடத்தில், முன்மேசைப் பெண் கேட்காமலே 'பிரதர்' என்று எழுதிவிட்டிருந்தாள். "எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்று அண்ணாச்சி கேட்டதற்கு, "முகச்சாடையே சொல்லுதே சார்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

முகச்சாடை. அறுபத்தொரு வருடம் ஒரே குழம்பைப் பகிர்ந்து, ஒரே மாதிரி அலுத்து, ஒரே மாதிரி உதட்டை இறுக்கினால் முகங்கள் அப்படி ஆகிவிடும்போலும். சனிக்கிழமை வரை அவளுக்கும் அந்த முகம்தான் இருந்தது. சனிக்கிழமை டயாலிஸிஸ் முடிந்து அண்ணாச்சியை ஆட்டோவில் ஏற்றியபோது, டாக்டர் சொன்னதை அவளே தொடங்கினாள். இது பரம்பரையாக வருகிற நோய், அம்மாவுக்கு இருந்தது, உங்களுக்கு இருக்கிறது, கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரு முறை ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார். மதுரையில் கோமதி அக்கா எடுத்துவிட்டாள், இரண்டு பக்கமும் கட்டி இருக்கிறதாம். பம்பாயில் தம்பி மணி எடுத்துவிட்டான், அவனுக்கு ஒன்றுமில்லை. "திங்கக்கிழமை நானும் எடுத்துருதேன் அண்ணாச்சி." "உனக்கு வேண்டாம்." "ஏன், எனக்கு மட்டும் என்ன?" "வேண்டாம்னா விடேன்." "நான் என்ன உங்க கூடப் பொறக்கலையா?" என்று அவள் சும்மாதான் கேட்டாள், யாரும் கேட்பதுபோல். அவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ ஆற்றுப் பாலத்தில் ஏறியது. நான்கு மணி நேரம் இரத்தம் வெளியே போய்த் திரும்பி வந்த களைப்பு. அந்தக் களைப்பில் மனிதனுக்கு எதையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கத் தெம்பு இருக்காது. பாலத்தின் மறுமுனை வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். பாலம் அவ்வளவு ஒன்றும் நீளமில்லை. கோவில்பட்டியில் அப்பா தபால் ஆபீஸில் இருந்த சமயம் அம்மாவுக்கு மூன்றாவது பிரசவம், ஆண் குழந்தை, இறந்தே பிறந்தது. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் அம்மா கத்தினாள். அடுத்த கட்டிலில் பிரசவமான ஒருத்தி, இரத்தம் நிற்காமல், அன்று காலைதான் செத்திருந்தாள். அவளுடைய பிள்ளை பசியில் கத்தியது. இரண்டு கத்தலையும் கேட்கமாட்டாமல் நர்ஸம்மா அந்தப் பிள்ளையைத் தூக்கி அம்மாவின் மார்பில் போட்டாள். அம்மா அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அண்ணாச்சிக்கு அப்போது ஒன்பது வயது. பிளாஸ்கில் காப்பி கொண்டுபோனவர் எல்லாவற்றையும் கட்டில் காலடியில் நின்று பார்த்தார். கோமதி சின்னவள், ஊரில் சித்தி வீட்டில் இருந்தாள். மணி அப்போது இல்லவே இல்லை. செத்தவளின் புருஷன் நடைக்கோடியில் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் நாள் ஆளில்லை. "பேர் என்ன அண்ணாச்சி?" என்று பாலம் இறங்கும்போது அவள் கேட்டாள். "தெரியாதுட்டி. அவன் தலையை நிமிர்த்தவே இல்லை."

அடிவயிற்றில் முதல் அழுத்தம் தொடங்கியிருந்தது. வலியில்லை, ஒரு கை உள்ளிருந்து மெல்லத் தள்ளுவதுபோல. வடிவு காலை மாற்றிப் போட்டாள். தலையை நிமிர்த்தாத ஒரு மனிதன். மூன்று நாளாக அவளுக்கு அவனை உட்காரவைக்க மட்டும்தான் முடிகிறது, எழுப்பி நடக்கவைக்க முடியவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றியோ அதுகூட இல்லை. ஒரு கட்டில், அதில் ஒரு விரிப்பு, அவ்வளவுதான். துக்கப்படலாம் என்று பார்த்தால் துக்கத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒரு மூக்கோ காதோ வேண்டியிருக்கிறது. துக்கம் வரவில்லை. வந்தது களைப்பு. அதுவும் முதலில் எதை நினைத்து வந்தது என்றால், உப்பை நினைத்து. முப்பத்துநான்கு வருடம் அவள் உப்பில்லாமல் சாப்பிட்டிருக்கிறாள். அவளுடைய இருபத்தேழாவது வயதில் அம்மாவுக்கு இந்த நோய் என்று தெரிந்தது. வயிறு வீங்கி, முகம் ஊதி, ஆறு வருடம் இழுத்து அம்மா போனாள். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும் என்று அப்போதே டாக்டர் சொன்னார். வடிவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மகளிர் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள். ஒவ்வொரு ஜூலையிலும் கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டுப் பட்டாணிச் செடியின் நெட்டையையும் குட்டையையும் பங்கு பிரிக்கிறவள். அன்று இரவு உட்கார்ந்து தனக்கும் அதே நான்கு கட்டம் போட்டாள். ஸ்கேன் எடுத்துப் பார் என்று அப்போதும் சொன்னார்கள். பரீட்சை பேப்பர் திருத்த வேண்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றாள். அடுத்த மாதம் வேறொன்று. பார்க்காதவரை பாதி, பார்த்துவிட்டால் முழுதும் உண்டு, அல்லது ஒன்றுமே இல்லை. அவள் பாதியை வைத்துக்கொண்டாள். உப்பைக் குறைத்தாள், தண்ணீரை அளந்து குடித்தாள், பிள்ளை வேண்டாம் என்று கணவரிடம் சொன்னாள். பொன்னம்பலம் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "உனக்கு எது நிம்மதியோ அப்படியே இருப்போம்" என்றார். அவரும் அவளோடு சேர்ந்து உப்பில்லாமல் சாப்பிட்டார். மின்வாரியத்திலிருந்து ஓய்வுபெற்ற நாளில் மேசை இழுப்பறையைக் காலி செய்து கொண்டுவந்த அட்டைப் பெட்டியில், பேனாக்களுக்கு நடுவே, பாதி தீர்ந்த மாங்காய் ஊறுகாய் பாட்டில் ஒன்று இருந்தது. இருபத்தைந்து வருடத் திருட்டு. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போய் நான்கு வருடமாகிறது. சொல்ல வேண்டிய ஒரே ஆளிடம் இப்போது சொல்ல முடியாது: நமக்குப் பிள்ளை பிறந்திருக்கலாம். ஒன்றும் வந்திருக்காது. எனக்கு வர வழியே இல்லை.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றார் அண்ணாச்சி, பாட்டிலைப் பார்த்து. "ரெண்டு டம்ளர் இருக்கும்." "மெதுவாக் குடி. ஒரேயடியா ஊத்தினா குமட்டும்." தண்ணீரைப் பற்றி இவ்வளவு அக்கறை, அதைச் சொல்லத் தெரிந்த வாய்க்கு முப்பத்துநான்கு வருடம் இன்னொரு வாக்கியம் வரவில்லை. கோபம் எழுந்தது, எழுந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றியது. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை, நேற்று, அதையும் அவள் கேட்டுவிட்டாள். "நான் பிள்ளை வேண்டாம்னு இருந்தது எதுக்குன்னு நினைச்சிய?" அண்ணாச்சி விழித்தார். "வேண்டாம்னு இருந்தியா?" என்றார். "உங்களுக்குப் பொறக்காதுன்னுல்லா நாங்க நினைச்சுக்கிட்டு இருந்தோம். கேட்டா மனசு சங்கடப்படுவேன்னு உன் மதினி வீட்டுல ஒருத்தரையும் வாயைத் திறக்கவிடலை." உண்மைதான். அந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதை, பிரியம் எல்லாமே. அவளும்தான் சொல்லவில்லை, உன் நோய்க்குப் பயந்து நான் பெற்றுக்கொள்ளவில்லை என்று படுத்திருக்கிற தாயிடம் எப்படிச் சொல்வது? அம்மாவை நோகவிடக்கூடாதென்று மகள் சொல்லவில்லை. மகளை நோகவிடக்கூடாதென்று மற்றவர்கள் கேட்கவில்லை. அண்ணாச்சியிடம் அம்மா தன் தலையில் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். எல்லோரும் எல்லோரையும் அவ்வளவு பதனமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு முறை மதினி அவளைக் கோயில் மரத்தில் தொட்டில் கட்ட அழைத்துப்போனாள். மஞ்சள் துணியில் சின்னக் கல்லை வைத்து, மறுப்பேதும் சொல்லாமல், மதினி காட்டிய கிளையில் வடிவு கட்டினாள். மதினி கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டியிருக்க வேண்டாம். அல்லது அன்றாவது வாயைத் திறந்திருக்கலாம். அதைவிட, அந்த அடுத்த மாதமே போய் இதேபோல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றரை லிட்டர் குடித்திருந்தால் படத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்திருக்கும். யாரும் எந்த இரகசியத்தையும் சொல்லாமலே தெரிந்திருக்கும். அண்ணாச்சியின் மௌனம் பாதி என்றால், சரியாக எதிர்ப்பாதி தன்னுடையது. இந்த இடத்துக்கு வந்தவுடன் ஒவ்வொரு முறையும் எண்ணம் செக்குமாடுபோல் நின்று மூச்சு வாங்கியது.

எதிர் வரிசையில் ஒரு நடுவயதுக்காரர் எழுந்து, தொடைகளை ஒட்டிவைத்துச் சிறு சிறு அடியாக உள்ளே போனார். வடிவுக்கு அழுத்தம் இப்போது இடுப்பெலும்பு வரை வந்துவிட்டது. பிறகு ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தயாராக ஒரு விடை வைத்திருந்தாள்: அண்ணாச்சி சொல்வதை எப்படி நம்புவது, ஒன்பது வயதுப் பையன் பார்த்தது. அது பொய். நம்பினாள், பாலத்திலேயே நம்பிவிட்டாள். வந்தது, கட்டி இருந்துவிடாதா என்ற ஆசையில். முப்பத்துநான்கு வருடம் எது வந்துவிடக்கூடாதென்று நடுங்கினாளோ அது இருக்கட்டும், ஒரே ஒரு நீர்க்கட்டி, கடுகளவு, அம்மா கொடுத்தது என்று சொல்லிக்கொள்ள. படித்தவளுக்கு அதில்கூட நிம்மதியில்லை. இந்த வயதில் யாருக்கும் ஒன்றிரண்டு இருக்கும், அது எதற்கும் சாட்சியாகாது என்பதும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் இருக்கட்டும். எல்லாவற்றிலிருந்தும் அவளை மட்டும் விலக்கிவைத்த வீடு. விலக்கிவைத்தது என்று சொல்வது தகாது, தாங்கிப் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் இரண்டுக்கும் கை ஒரே இடத்தில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. தவிட்டு விஷயத்தைப்போல. எந்த வீட்டில்தான் பிள்ளைகளைத் தவிட்டுக்கு வாங்கினது என்று கேலி செய்யவில்லை? கோமதி இரண்டு படித் தவிட்டுக்கு வந்தவள். மணி பிறந்தபோது தவிடு விலை ஏறிவிட்டதால் முக்கால் படிக்குத்தான் கிடைத்தான், அதனால்தான் குட்டையாகப் போனான். அண்ணாச்சியே தலைச்சன் என்பதால் தவிட்டோடு ஒரு புண்ணாக்கும் சேர்த்துக் கொடுத்து வாங்கப்பட்டவர். அழுதுகொண்டே ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டால், "ஆமா, வேற என்னத்துக்கு வாங்குவாக?" என்று அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். வடிவை மட்டும் யாரும் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, அவளுக்கு ஆறு வயது, கோமதி சோற்றுத்தட்டின் முன்னால், "இவ மட்டும் என்ன, இவளையும் தவிட்டுக்குத்தான்..." என்று தொடங்கினாள். பிள்ளைகள்மேல் கை வைத்தறியாத அம்மா, குழம்புச் சட்டியிலிருந்த அகப்பையை உருவி, அது சொட்டச் சொட்டக் கோமதியின் முதுகில் போட்டாள். குழம்பின் சூடு பட்டுக் கோமதி அலறினாள். அம்மாவும் அழுதாள். அன்று வடிவுக்கு உண்டான பெருமை இருக்கிறதே. அந்த வீட்டில் அவள்தான் பெற்ற பிள்ளை, மற்றவர்களெல்லாம் தவிடு. கேலிக்குக்கூட அவளை விலைபேசக்கூடாது. அந்தப் பெருமையிலேயே அவள் வளர்ந்தாள். கோமதி அக்காவின் முதுகில் அரையணா அளவுக்கு ஒரு தழும்பு இன்றும் இருக்கும். எதற்கு வாங்கிய அடி என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"வேர்க்குதே உனக்கு. முட்டுதா?" என்றார் அண்ணாச்சி. "ம்." "உள்ளே போய்ச் சொல்லட்டா?" "கூப்பிடுவாங்க, சும்மா இருங்க." அவர், பாட்டிலைப் பார்க்காமல், "அந்தத் தண்ணி சில்லுனு இருக்கா?" என்று கேட்டார். அவள் பாட்டிலைத் திறந்து, மூடியில் சரியாக ஒரு மூடித் தண்ணீர் ஊற்றி நீட்டினாள். அவர் அதை வாய்க்குள் விட்டு உடனே விழுங்காமல் ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றி மாற்றி வைத்திருந்தார், பல் இல்லாத குழந்தை மிட்டாயை வைத்திருப்பதுபோல். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கேட்க வேண்டும் என்று நினைத்தேயிராத ஒன்றை அவள் கேட்டாள். "அண்ணாச்சி, என்னைத் தூக்கிட்டு வாரப்போ அம்மா அந்த ஆளுக்கு ஏதாவது குடுத்தாளா?"

அவர் தண்ணீரை விழுங்கினார். "என்னத்தக் குடுக்க? அஞ்சாம் நாள் ஆளைத்தான் காணோமே." அந்தக் கர்ப்பிணிப் படத்தைப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், எழுபது வயது ஆள் அவள் காதுப்பக்கம் குனிந்து, "தவிடு குடுத்திருப்பாங்க" என்றார். அவள் திரும்பவில்லை. அவளுக்குக் காதுமடல் சூடாயிற்று. "எவ்வளவு?" என்றாள். "நீ இருந்த லட்சணத்துக்கு எவ்வளவு குடுப்பாங்க? எலிக்குஞ்சு மாதிரி இருந்தே." "கோமதி அக்காவுக்கே ரெண்டு படி." "அவ கொழுக் மொழுக்குனு இருந்தா. உனக்கு ஒண்ணரை. அதுக்கு மேல அப்பா ஒரு பிடி குடுத்திருக்க மாட்டாங்க." சொல்லிவிட்டு அவர் சட்டென்று நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார், தோள் ஒரு பக்கம் ஒடுங்கியது, அகப்பை வருகிறதா என்று.

அந்தத் தோளைக் கண்டதும் வடிவுக்கு முதலில் மூச்சுதான் வந்தது. பிறகு மூக்கில் ஒரு சத்தம். வாயைப் பொத்திக்கொண்டாள், பாட்டிலை வயிற்றோடு அழுத்தினாள், அது தவறு, அழுத்தியிருக்கக்கூடாது. ஒண்ணரைப் படி. "அண்ணாச்சி, பேசாதீங்க" என்றாள். "நான் எங்கே பேசுதேன்?" என்று அவர் சொன்ன விதத்தில் மீதியும் உடைந்தது. பதினொரு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மேசைப் பெண், "ஆண்ட்டி, ஆண்ட்டி, அடுத்து நீங்கதான், ரெண்டே நிமிஷம்" என்று எழுந்தாள். ரெண்டு நிமிஷத்துக்கு அங்கே இடமில்லை. வடிவு எழுந்து, படிவமும் பாட்டிலும் நாற்காலியில் கிடக்க, ஸ்கேன் அறைக்கு நேர் எதிர்க் கதவை நோக்கி நடந்தாள். நடந்தாள் என்பது பெருமைக்கு, கடைசி நான்கு எட்டு ஓட்டம்தான். தாழைப் போட்டு உட்கார்ந்தாள். அது போயிற்று. நிற்காமல், அவசரமில்லாமல், இவ்வளவு இருந்ததா என்று அவளே வியக்கும்படி போய்க்கொண்டே இருந்தது. சிரிப்பு நின்ற இடத்தில் அழுகை இருந்தது, அதுவும் போயிற்று, அதற்காக அவள் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை. சுவரில் யாரோ ஒட்டிய காகிதத்தில் 'தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்' என்று இருந்தது. அடிவயிறு தளர்ந்து, இடுப்பு தளர்ந்து, கடைசியில் உடம்பில் மிஞ்சியது வெறும் அசதி. அறுபத்தொரு வயது அசதி, அவளுக்கே சொந்தமானது.

"சொன்னேன்லா ஆண்ட்டி!" என்றாள் மேசைப் பெண். "இப்ப மறுபடி ஒண்ணரை லிட்டர் குடிக்கணும். ஒரு மணி நேரமாகும். குடிக்கிறீங்களா?" வடிவு நாற்காலியிலிருந்த படிவத்தை எடுத்தாள். எழுதாத வரி எழுதாமலே இருந்தது. அதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "வேண்டாம்மா" என்றாள். ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். படியிறங்கும்போது அண்ணாச்சி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக அவள்தான் அவர் கையைப் பிடிப்பாள். செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மதினி. பொன்னம்பலம் போன பிறகு மத்தியானச் சாப்பாடு வடிவுக்கு அண்ணன் வீட்டில்தான். முதலில் அவளுக்காகத் தனியாக உப்பில்லாமல் வைத்த சின்னச் சட்டியில் இரண்டு வருடமாக அண்ணாச்சிக்கும் சேர்த்துக் குழம்பு இறங்குகிறது. "ஏ வடிவு, முடிஞ்சுதா? அண்ணாச்சி சனிக்கிழமை உன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாகளாமே, நேத்துதான் எனக்கே தெரியும், ராத்திரி பூரா எனக்கு உறக்கமில்லை, சரி, அதை நேர்ல பேசுவோம்" என்று மதினி மூச்சுவிடாமல் சொல்லி, ஒரு கணம் நின்று, "இப்ப உனக்குக் குழம்பை எதுல எடுத்துவைக்க? பெரிய சட்டியிலயா? நீ நல்லா உப்புப் போட்டே சாப்பிடலாமே" என்றாள். வடிவு அண்ணாச்சியைப் பார்த்தாள். அவர் ஒற்றைச் செருப்பைக் காலால் துழாவியபடி, பாட்டிலின் அடியில் கிடந்த மிச்சத் தண்ணீரை வெயிலில் தூக்கிப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"சின்னச் சட்டியிலேயே இருக்கட்டும் மதினி" என்றாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்தே வையுங்க."